பியூஸ் கேரியரைத் திருடியவன்

அத்தியாயம் ஆறு

பாண்டீஸ்வரனுக்கு அன்று எதிலும் மனசில்லை. தேனியிலிருந்து பண்ணைப்புரம் வரை அந்த ஓட்டை எம்-80 வண்டியில் வந்ததில் இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது, கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் 'பாண்டி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்த மனுஷன், இத்தனை வருஷத்தில் பிடித்த கொலைகாரன் என்று ஒருத்தன்கூடக் கிடையாது. மாப்பிள்ளை குடிப்பாரா, சம்பளம் சொன்னது நிஜமா, மாமியார் ராங்கிக்காரியா என்று விசாரிக்கத்தான் ஜனங்கள் படியேறி வந்தார்கள். அதுவும் புரட்டாசி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே கிடையாது, ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"அண்ணே, வண்டி நின்னுருச்சா, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கா? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த கயல்.

பெரியகுளத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தேனியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தவள். அந்தக் கடை மூடியதும் டைப் அடிக்க வருகிறேன் என்று பாண்டீஸ்வரனிடம் சேர்ந்தாள். டைப் அடித்தாளோ இல்லையோ, அவர் காலை வாருவதில் ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

"இறங்குத்தா. தோட்டம் வந்துருச்சு."

பன்னீர் திராட்சைப் பந்தல். கொத்துக் கொத்தாகக் காய் கறுத்துக்கொண்டிருந்தது. குருவிக்குப் பயங்காட்ட, பந்தல் கம்பியெங்கும் வீணாய்ப்போன சி.டி.க்களை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அடியில் நின்றிருந்த சுருளியம்மாள் இவர்களைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள்தான் இந்த வழக்கைக் கொண்டுவந்தவள்.

வழக்கு இதுதான். அவள் தம்பி சூரியபிரகாஷ் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். ஆவணியில் ஒரு முகூர்த்தத்தில் பண்ணைப்புரத்தில் சொந்தக்காரர் கல்யாணம். அன்றைக்கு மத்தியானம் கோம்பை ரோட்டில் மலையம்மாள் என்ற தோட்டத்துக் கூலிக்காரியை அவன் ஜீப் அடித்துவிட்டு நிற்காமல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது. நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன், சாவி வண்டியிலேயே கிடந்தது, யார் எடுத்தார்கள் என்று தெரியாது என்கிறான் சூரியபிரகாஷ். பார்த்த சாட்சியெல்லாம் மாமன் மச்சான்கள். போலீஸ் கேட்டுவிட்டுச் சிரித்தது.

"கல்யாணத்துல சொந்தமில்லாத கண்ணு ஒண்ணே ஒண்ணுதாண்ணே இருந்துச்சு. வீடியோக்காரன் கேமரா" என்றாள் சுருளியம்மாள். "வக்கீலு கேட்டு ஆள் அனுப்பலாம்னு இருந்தாக. அதுக்கு முந்துன நாளே அதுவும் அழிஞ்சுபோச்சுன்னு கடையில சொல்லிட்டாக. திங்கக்கெழமை கோர்ட்டு. என் தம்பி எறும்பை மிதிக்கமாட்டான். ஒரு பொம்பளைய அடிச்சிட்டு நிக்காமப் போவானா?"

"வக்கீல் கேக்கப்போறாருன்னு யாராருக்குத் தெரியும்?"

"எனக்கு, இவுகளுக்கு, வக்கீலுக்கு. வேற யாருக்குத் தெரியும்? வீடியோக் கடைக்குக்கூட மறுநாளுதான் சொன்னோம்."

இவுக என்றது அவள் புருஷன் அழகரை. திராட்சைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, நல்ல கொத்தாகப் பார்த்து ஒன்றைக் கழுவிக் கயலிடம் நீட்டினார். வாடிய முகம். மச்சினன் ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து சரியாகத் தூங்காத மனுஷன் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அழிஞ்சதை எங்க போய்த் தேடுவீக? வெயில்ல அலையாதீகண்ணே" என்றார் பாண்டீஸ்வரனிடம்.

மேற்கு மலைப்பக்கம் லேசாக இடி உருண்டது. அழகர் பேச்சை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று மோட்டார் ரூமுக்குப் போனார். போர்டிலிருந்த பீங்கான் பியூஸ் கேரியர் மூன்றையும் படபடவென்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"ஒருக்கா இடி விழுந்து மோட்டார் காயில் கருகிருச்சு. கொடி காயக் காயப் பாத்துக்கிட்டு நின்னோம். அதுல இருந்து எங்கன இருந்தாலும் இடிச் சத்தம் கேட்டா கை தானாப் போயிரும்."

அவர் பையில் எட்டிப் பார்த்த பீங்கானைக் கயல் பார்த்தாள். "ஒண்ணுக்கு மட்டும் நகப்பூச்சு போட்டு விட்டிருக்கீக. மத்த ரெண்டும் கோவிச்சுக்காதா?"

அழகர் சிரிக்கப் பார்த்தார். "பழசு ஒண்ணு விரிசல் விட்டுருச்சு. இது கெடந்துச்சு, மாட்டினேன்."

பாண்டீஸ்வரன் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மறுபடியும் அந்த வண்டியில் ஏற வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

உத்தமபாளையம் கடைத்தெருவில், தையல்கடைக்கு அடுத்தாற்போல இருந்தது ரோஜா வீடியோ மிக்ஸிங். உள்ளே மூலையில் கம்ப்யூட்டருக்கு வெள்ளைத் துணி போர்த்தி, யாரும் தொடாமல் இருக்க முன்னால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். துக்க வீட்டில்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது. முதலாளி வேலுச்சாமி ஒரு பக்கம் முறைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் ஆபரேட்டர் சகாயராணி, தன் சோற்றுப் பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு, கிளம்பு என்று சொல்வதற்காகக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் புள்ளை எவன்கிட்டயோ கைநீட்டிட்டு அழிச்சிருச்சு சார்" என்றார் வேலுச்சாமி. "மதுரையில இருந்து மெக்கானிக் வரணும். அவர் வர்ற வரைக்கும் யாரும் பெட்டியைப் போடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அவரு இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேங்கிறாரு."

"கேமராவுல ஓடின கேசட்டு?" என்று கேட்டார் பாண்டீஸ்வரன்.

"அதுல மறு முகூர்த்தத்துக்கு வேற கல்யாணத்தை எடுத்தாச்சு. பெட்டியில ஏத்தினதும் கேசட்டைத் திரும்ப எடுத்துக்குவோம், எல்லாக் கடையிலயும் அதான் வழக்கம். அந்தக் கல்யாணம் இந்தப் பெட்டியில மட்டுந்தான் இருந்துச்சு."

"மாதா சத்தியமா நான் அழிக்கலை சார்" என்றாள் சகாயராணி. குரலில் அழுகைகூட மிச்சமில்லை, பல தடவை சொல்லிச் சலித்த குரல். அவள் அப்பா, இருதயம் என்று பேர், சிலுவை செய்து விற்கிற ஆசாரி. வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது இவளுடையது மட்டும்தான் என்று வரும் வழியிலேயே தையல்கடைக்காரர் சொல்லியிருந்தார். இங்கே திருடிப் பட்டத்தோடு வெளியே போனால் இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கடையும் இவளை உள்ளே விடாது.

"என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுத்தா."

"முதலாளி இல்லாத நேரம் ஒரு வயர்மேன் அண்ணன் வந்தாக. டியூப்லைட்டு சோக்கைப் பாக்கச் சொல்லி முதலாளி அனுப்பினாருன்னாக. தூசிக்கு மூக்கோட துண்டைக் கட்டியிருந்தாக, முகம் பாக்கலை. நான் பக்கத்துல டீ வாங்கப் போனேன். அவுகளுக்கும் சேத்துத்தான். வந்து பெட்டி முன்னால உக்காந்தா, பண்ணைப்புரம் கல்யாணத்தை மட்டும் காணோம். நல்லாப் பாத்தேன் சார், அந்த இடமே காலி. ஐயோன்னு வாய் திறக்குறேன், இடி இடிச்சுச்சு, கரண்ட்டு போச்சு. 'இடி இடிக்குது தங்கச்சி, பெட்டியைத் தொடாதே'ன்னு சொல்லிட்டு அந்த அண்ணன் டீயைக்கூடக் குடிக்காமப் போயிட்டாக."

"நான் எவனையும் அனுப்பலை" என்றார் வேலுச்சாமி.

"அப்புறம்?"

"தையக்கடையில கரண்ட்டு இருக்கு, இங்கன இல்லை. போய்ப் பாத்தா போர்டுல எங்க பியூஸ் கேரியரையே காணோம். புதுசு வாங்கிப் போட்டுத்தான் லைட்டு எரியுது."

பாண்டீஸ்வரன் கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார். அழிக்க வந்தவன் அழித்தான், சரி. வேலை முடிந்தது, கம்பி நீட்ட வேண்டியதுதானே? பத்துப் பதினைந்து ரூபாய் பெறுமா அந்தப் பீங்கான்? அதை ஏன் தூக்கிக்கொண்டு போனான்? யானையைத் திருடியவன் அங்குசத்தையும் சேர்த்துத் திருடுவது உண்டு. இது தங்கத்தைத் திருடியவன் விளக்குமாற்றையும் எடுத்துப்போன கதையாக இருந்தது.

கயல் அந்த யோசனைக்கே போகவில்லை. அவள் கண் சுவரில் இருந்தது. ஆணியில் வீணான சி.டி.க்கள் ஒரு கொத்தாகத் தொங்கின.

"திராட்சைத் தோட்டத்துக்காரக வந்து கேப்பாகக்கா, சும்மா குடுத்துருவோம்" என்றாள் சகாயராணி. "மேல இருக்கிறது அன்னைக்கு வீணானது. கோம்பைச் சடங்கு வீட்டு சி.டி."

"அன்னைக்குன்னா? கரண்ட்டு போனதால வீணாச்சா?"

"இல்லக்கா. நான் டீ வாங்கிட்டு வந்தப்பவே தட்டு வெளிய வந்து நின்னுச்சு. இடி அதுக்குப் பெறகுதான்."

கயல் அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள். எழுதிய பகுதி ஒரு நிறமாகவும் எழுதாத பகுதி ஒரு நிறமாகவும் பாதியிலேயே பிரிந்திருந்தது. "அந்த நேரம் பெட்டியில வேற என்ன ஓடிக்கிட்டிருந்துச்சு?"

"அதே சடங்கு வீட்டுப் படம் மொத்தத்தையும் ஒரு டிரைவ்ல இருந்து இன்னொண்ணுக்குக் காப்பி போட்டிருந்தேன். ரெண்டையும் ஒண்ணா விட்டது என் தப்புத்தான். டிஸ்க் லைட்டு சிமிட்டாம ஒரேயடியா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"இருக்கிறது ஒரே டிஸ்க்கு, அதைத்தான் ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கீக?"

"ஆமாக்கா."

கயல் சி.டி.யைப் பாண்டீஸ்வரன் மடியில் போட்டாள். அவள் முகத்தில் வந்த மாதிரி ஒரு வெளிச்சம் சம்பளத் தேதியில்கூட வந்து அவர் பார்த்ததில்லை.

"அண்ணே, பெட்டிக்குள்ள டிஸ்க்குக்கும் நமக்கும் நடுவுல ஒருத்தன் இருக்கான். டிரைவர்னு பேரு."

"ஏற்கனவே ஒரு டிரைவரை வெளிய எடுக்க முடியாம முழிச்சுக்கிட்டிருக்கோம்."

"இவன் இரும்பு டிரைவர் இல்லை, எழுதி வச்ச ஆளு. எழுது, படி, அழின்னு என்ன கேட்டாலும் அவன் வழியாத்தான் டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க்கு சும்மா இருந்தா உடனே குடுத்துருவான். டிஸ்க்கு வேலையா இருந்தா முடியாதுன்னு திருப்பி அனுப்பமாட்டான், தூக்கியும் எறியமாட்டான். வாங்கி வரிசையில வச்சுக்கிருவான். டிஸ்க்கு ஒரு வேலையை முடிச்சிட்டு மணி அடிக்கும், அடுத்ததை எடுத்துக் குடுப்பான். இப்ப முடியலைன்னு டிஸ்க்கே சொன்னாலும் அதைக் கையிலயே வச்சிருந்து மறுபடி கேப்பான்."

பாண்டீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பிறந்தது வாய்க்கால் கரை. "எங்க வாய்க்கால்ல நீர்பாய்ச்சி கருத்தக்கண்ணன்னு ஒருத்தர் இருந்தாரு. அவர் மாதிரின்னு சொல்லு. நம்ம வயலுக்குத் தண்ணி விடுப்பான்னா, சரிங்க போங்கன்னுவாரு. மடை வேற ஒருத்தன் வயலுக்குத் திறந்திருக்கும். அது நிறைஞ்ச பெறகுதான் நம்ம முறை. அவர் சரின்னு சொன்னதைக் கேட்டுட்டு, தண்ணி பாஞ்சிருச்சுன்னு நினைச்சு வீட்டுக்குப் போன ஆளுகளும் உண்டு."

"அதேதாண்ணே. அந்த வயர்மேன் அழின்னு சொன்னான். சரிங்க போங்கன்னு பெட்டி சொல்லிருச்சு. திரையில அந்த இடத்தைக் காலி பண்ணியும் காட்டிருச்சு. சகாயராணி பாத்தது அதைத்தான். ஆனா அந்த நேரம் டிஸ்க்கு சி.டி. எழுதக்கூடப் படத்தை எடுத்துக் குடுக்க முடியாம மூச்சுமுட்டி நின்னிருக்கு. இந்த சி.டி. பாதியில நின்னது அதனாலதான். அம்புட்டு வேலையில மாட்டிக்கிட்டிருக்கிற டிஸ்க்கு, அழிக்கிற வேலைக்கு எப்ப வரும்?"

"வரிசை எங்க இருக்கும்?"

"அதுலதான் இருக்கு சங்கதி. டிஸ்க்குல இல்லை, பெட்டியோட நினைவுல. கரண்ட்டு இருக்கிற வரைக்குந்தான் அந்த நினைவு."

"நீர்பாய்ச்சி மண்டையைப் போட்டா யார் முறை யாருக்குப் பின்னாலங்கிறதும் போச்சு."

வேலுச்சாமி வாயைத் திறந்தார். "அப்ப படம் உள்ளயே இருக்குங்கிறீகளா?"

கயல் துணி போர்த்திய பெட்டியைப் பார்த்தாள். "சத்தியம் பண்ண முடியாது. பக்கத்துப் பக்கத்து வயலைச் சேத்துப் பாய்ச்சுற மாதிரி, தோதாக் கிடக்கிறதை முன்னால தள்ளி விடவும் செய்வான் இந்த டிரைவரு. அழிக்கிற வேலை முன்னாலேயே போயிருந்தா அவ்வளவுதான். போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"மதுரைக்காரர் வரட்டும்" என்று வேலுச்சாமி மறுபடியும் வேதாளமாய் முருங்கை மரம் ஏறினார். "மத்த கல்யாணமெல்லாம் உள்ள கிடக்கு. போச்சுன்னா யார் பொறுப்பு?"

பாண்டீஸ்வரனுக்கு வாதாடத் தெம்பில்லை. "வேலுச்சாமி, இந்தப் புள்ளை திருடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டீக. மதுரைக்காரர் வந்து பாத்துட்டு, படம் இங்கனயேதான் இருக்குன்னு சொன்னா அந்தப் பழியை நீங்க எந்தத் தண்ணியில கழுவுவீக? அங்க ஒருத்தன் உள்ள கிடக்கான். எனக்கு இடுப்பு வேற வலிக்குது. போடுங்க" என்றார்.

வேலுச்சாமி சகாயராணியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். வெள்ளைத் துணியை அவரே உருவினார்.

பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. ஒழுங்காக அணைக்கவில்லை என்று நீலத் திரையில் குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு, டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் சோதிக்க ஆரம்பித்தது. மஞ்சள் கோடு ஆமை மாதிரி நகர்ந்தது. நடுவில் ஒரு தடவை நின்று, சிதறிக் கிடப்பதைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டது. கயல் ஒன்றையும் தொடாதே என்ற பதிலைத் தேர்ந்தெடுத்தாள். சகாயராணி பையையும் குடையையும் இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கடைசியில் வழக்கமான திரை வந்தது. கயல் உள்ளே போய்ப் போய் ஒரு இடத்தில் நின்றாள்.

"சகாயராணி, உன் வாயால சொல்லு. இது என்ன?"

"பண்ணைப்புரம் கல்யாணம்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். வேலுச்சாமி யாரும் கேட்காமலேயே எழுந்து போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

படம் ஓடியது. நாதஸ்வரம், மாலை மாற்றல், மொய், அப்புறம் பந்தி. சுவர்க்கடிகாரம் மாட்டிய தூணுக்குப் பக்கத்தில் சூரியபிரகாஷ். வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியும் கரண்டியுமாக நிற்கிறான். பந்தியில் யாரோ இலை பற்றவில்லை என்று கத்துகிறார்கள். சூரியபிரகாஷ் வாளியைக் கீழே வைக்கிறான், இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிறான். கேமராவுக்கு வெளியே நிற்கிற யாரையோ பார்த்து, "மாமா, இந்தா பிடி, வெரசா வா" என்று வீசுகிறான். படத்துக்குள் ஒரு கை மட்டும் நீண்டு அதைப் பிடிக்கிறது. பிறகு கடிகாரம் விபத்து நேரத்தையும் தாண்டி முழுசாக ஒரு சுற்று வருகிற வரைக்கும் அவன் பந்தியை விட்டு நகரவே இல்லை.

"தப்பிச்சான்" என்றார் வேலுச்சாமி.

"தப்பிச்சான். சாவி வண்டியிலேயே கிடந்துச்சுன்னு ஏன் பொய் சொன்னான்? தெரிஞ்சே ஒருத்தரைக் காப்பாத்துறான்" என்றார் பாண்டீஸ்வரன். "யாரு அந்த மாமா?"

"கல்யாண வீட்டுல மாமான்னு கூப்பிட்டா பந்தியில பாதிப் பேர் திரும்புவாகண்ணே. மீதிப் பேருக்குக் காது கேக்காது" என்றாள் கயல்.

பாண்டீஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. வக்கீல் கேட்கப்போவது மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று சுருளியம்மாள் சொன்னது அவர் மனசில் ஒரு மூலையில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மூலைப் பக்கம் போகாமல் இருக்க என்ன வழி என்று டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார்.

சகாயராணி முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். பையைக் கொண்டுபோய் அதன் பழைய ஆணியில் மாட்டினாள். குடையைக் கதவோரம் சாய்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு ஊதா நிறத்தில் ஒரு சின்ன நகப்பூச்சுக் குப்பியை எடுத்துக்கொண்டு மீட்டர் போர்டுக்குப் போய் ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"என்னத்தா பண்ற?"

"புதுக் கேரியருக்கு அடையாளம் வைக்கணும் சார். போர்டு தையக்கடைக்கும் எங்களுக்கும் ஒண்ணுதான், மாத்தி எடுத்துருவாக. காணாமப் போனதுலயும் வச்சிருந்தேன். வேலையே இல்லைன்னு ஆனப்ப இதுக்கு எதுக்கு அடையாளம்னு விட்டுட்டேன்."

கயல் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே கீழே வைத்தாள். பாண்டீஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். காலையில் காதில் வாங்காமல் விட்டதெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. ஒண்ணுக்கு மட்டும் நகப்பூச்சு. இது கெடந்துச்சு, மாட்டினேன். எங்கன இருந்தாலும் கை தானாப் போயிரும்.

அங்குசமும் விளக்குமாறும் இல்லை. திருடவே இல்லை அந்த மனுஷன். அழித்துவிட்டோம் என்று நினைத்து நிமிர்ந்தபோது இடி இடித்தது. ஒரு ஏழைப் பெண்ணின் பிழைப்பு அந்தப் பெட்டி, கருகிவிடக் கூடாது. கை பழக்கத்தில் பியூஸைப் பிடுங்கியது, பழக்கத்தில் சட்டைப்பைக்குள் போட்டது. வீட்டில் வந்து பார்த்தால் நல்ல பீங்கான். தோட்டக்காரன் எவன் நல்ல பீங்கானைக் கிணற்றில் எறிவான்? விரிசல் விட்டதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார். அழிக்கிற வேலைக்கு முறை வருவதற்குள் மடையை மூடிய கையும் அதே கைதான்.

"கயலு."

"ஆமாண்ணே" என்றாள் அவள்.

வேலுச்சாமி படத்தை வக்கீலுக்கு சி.டி. போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை வேறெதையும் கூட ஓடவிடாதே என்று கயல் சகாயராணியிடம் சொல்லிவிட்டு வந்தாள். பாண்டீஸ்வரன் கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வண்டியை நிறுத்தி, புதிதாக ஒரு பியூஸ் கேரியர் வாங்கினார்.

பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மழை வராமலே மேகம் கலைந்துவிட்டது. அழகர் மோட்டார் ரூம் வாசலில் குந்தியிருந்தார், உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரன் பக்கத்தில் போய் நின்று, பையிலிருந்து அந்தப் புதுக் கேரியரை எடுத்து நீட்டினார்.

"இதை மாட்டிக்கிட்டு அதைக் குடுங்க."

அழகர் அவர் முகத்தைப் பார்த்தார். எது என்று கேட்காமலே புதியதை வாங்கிக்கொண்டார். எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார். ஊதாப் பொட்டு வைத்ததைப் பிடுங்கினார், புதியதை அந்த இடத்தில் அழுத்தி மாட்டினார். வெளியே வந்து பழையதைப் பாண்டீஸ்வரன் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்தப் புள்ளை பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை. நீங்க பிடுங்கினதாலதான் தப்பிச்சுச்சு. உள்ள இருந்த எல்லாமே தப்பிச்சுருச்சு."

அழகர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்திருந்தது போலவும் இருந்தது, இறக்கிவைத்தது போலவும் இருந்தது. "இலை வாங்கத்தான் போனேன். வளைவுல அந்த அம்மா குறுக்க வந்தாக. இறங்கியிருக்கணும். கால் வரலைண்ணே. மச்சான் என்னைப் பத்தி வாயைத் திறக்கமாட்டான், சாட்சியில்லாம கேசு நிக்காது, அவன் வந்துருவான்னு நினைச்சேன். அப்பத்தான் வக்கீலு படத்தைக் கேப்போம்னாக. படத்துல என் மூஞ்சி இருக்குமேன்னு பயந்துட்டேன். வீணான சி.டி. கேக்கப் போறப்ப பெட்டியில எப்படி அழிக்கிறாகன்னு பாத்து வச்சிருந்தேன்."

படத்தில் முகம் இல்லை, ஒரு கை மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தார் பாண்டீஸ்வரன். அதைச் சொல்லி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

"நானே ஸ்டேஷனுக்கு வர்றேன். சட்டையை மாத்திக்கிறேன்."

அவர் துணிக்கொடியில் கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டிருந்தபோது பந்தலுக்கு அந்தப் பக்கமிருந்து சுருளியம்மாள் வேகமாக வந்தாள். ஓடிய மோட்டார் நின்றதும் எட்டிப் பார்த்து, இவர்கள் வந்திருப்பதைக் கண்டிருக்கிறாள்.

"படம் கெடைச்சுச்சாண்ணே?"

பாண்டீஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் அழகரே சொன்னார். "கெடைச்சிருச்சு. மச்சான் வந்துருவான்."

சுருளியம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அழுதாள், சிரித்தாள். கயலின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். புருஷன் சட்டைப் பொத்தானைப் போடுவதைப் பார்த்ததும், "நீங்களும் போறீகளா? போய்க் கூட்டியாங்க. எப்ப வந்தாலும் சரி, ரெண்டு பேருக்கும் கறிக்கொழம்பு வச்சு வைக்கிறேன்" என்றாள்.

கயல் பந்தலில் ஆடிக்கொண்டிருந்த சி.டி.க்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் சுருளியம்மாளின் கண் பாண்டீஸ்வரனின் கையில் விழுந்தது.

"அது எங்க மோட்டார் கேரியருல்ல? அதை எதுக்குண்ணே கொண்டுபோறீக?"

பாண்டீஸ்வரன் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் மெல்ல உட்கார்ந்தார். பக்கத்தில் இடத்தைத் துடைத்துக் காட்டினார்.

"சொல்றேன். இங்கன வந்து உக்காரு, ஆத்தா."